கல்பாசிக்குக் காவல் இருந்த பெண்

முன்னொரு காலத்தில், மலைகளுக்கெல்லாம் காது கேட்ட காலத்தில், கருவேலி என்று ஒரு நாடு இருந்தது. அதன் நடுவே ஒரு பாறைமலை. உச்சியில் ராஜாவின் கோட்டை, அடிவாரத்தில் ராகி வயல்கள்.

அந்த மலை தேய்வதே இல்லை. வெயில் அடிக்கும், வெடிக்காது. மழை கொட்டும், கரையாது. காற்று வீசும், உதிராது. வச்சிரமாலி என்ற மந்திரவாதி நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதை அப்படிக் கட்டி வைத்திருந்தான். கோட்டை அசையாது என்று ராஜாவுக்கு மகிழ்ச்சி. மந்திரம் நிலைக்க ஒரே நிபந்தனை, மலைமேல் பாசியோ செடியோ ஒட்டக் கூடாது. அதனால் அமாவாசைதோறும் வீட்டுக்கு ஒருவர் தேங்காய் நாரும் கரித்தூளும் கொண்டுபோய் மலையைத் தேய்த்துக் கழுவினார்கள். அதற்கு மலைமுழுக்கு என்று பெயர். பயத்தால் அல்ல, பக்தியால்தான் செய்தார்கள்.

ஆனால் மழைக்கு மழை வயல் மண் ஆற்றோடு போயிற்று. மலை தேய்ந்தால்தானே மண், போன மண்ணுக்குப் பதிலாகப் புது மண் வரவில்லை. அடிவாரத்தில் இருந்த மயிலாத்தா என்ற பெண்ணின் வயலில் மண்வெட்டி போட்டால் 'ணங்' என்றது. இன்னும் ஒரு மழைக்காலம் போனால் வெறும் பாறைதான். அவள் அம்மா காளியாத்தா ஊரை விட்டுப் போகச் சட்டி பானைகளைக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

மயிலாத்தா மலை ஏறினாள். ஏன் மண் தருவதில்லை என்று வெயிலைக் கேட்டாள், மழைமேகத்தைக் கேட்டாள், காற்றைக் கேட்டாள். மந்திரத்தை மீற முடியாது என்று மூன்றும் சொல்லிவிட்டன. அப்போது பாறை இடுக்கிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. நகத்தளவு கல்பாசி ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாறையை மெல்லத் தின்னத் தெரிந்தவள் நான்" என்றது அது. "நான் தின்ற இடத்தில் மழை நுழையும். மழை நுழைந்த இடத்தில் வேர் நுழையும். ஒரு மழை என்மேல் பெய்துவிட்டால் மந்திரம் உடையும். ஆனால் எப்போதும் மழைக்கு முன்னால் உங்கள் நார் வந்துவிடுகிறது."

மயிலாத்தா அதைச் சுற்றிக் கால்களை வளைத்து உட்கார்ந்தாள்.

அமாவாசை வந்தது. ஊரும் வந்தது. முன்னால் வந்தவர் அவள் தாய்மாமன் சடையப்பன்.

"எந்திரி அம்முணி. மலையை அழுக்காக்கிட்டு உக்காந்திருக்கியே, சாமி குத்தமாயிரும்."

"அழுக்கில்லைங்க மாமா. மண்ணு இதுலதான் ஆரம்பிக்குது."

"சரித்தான். இந்த நகத்தளவுல ஏரு பூட்டறப்ப சொல்லியனுப்பு, மாட்டைக் கொண்டாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை. முழுக்கு நாளில் மலைமேல் இருப்பவரைக் கைதொட்டு இழுக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் அவளைச் சுற்றித் தேய்த்துவிட்டுப் போனார்கள்.

செய்தி கேட்டு வச்சிரமாலி அன்றைக்கே வந்தான். முதலில் புலியாகி உறுமினான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை. பிறகு அம்மாவின் குரலில், மூட்டை கட்டியாயிற்று, வா என்று அழைத்தான். அழுகை வந்தது. ஆனாலும் நகரவில்லை. மூன்றாவதாகத் தன் சொந்த உருவத்தில் வந்து எதிரே உட்கார்ந்தான்.

"உன் வயல் நிறைய இடுப்பளவு கரிசல் மண், இந்த நொடியே தருகிறேன். எழுந்து வா, போதும்."

அவள் கேட்டது அதைத்தானே? ஒரு காலை ஊன்றி எழக்கூடப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"யாருடைய வயலிலிருந்து எடுப்பீர்கள்?"

"அது உனக்கு எதற்கு?"

"அங்கேயும் ஒரு அம்மா பானையைக் கட்டுவாள். வேண்டாம்."

திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

மழை வந்தது. முதல் துளி கல்பாசிமேல் விழுந்தது. மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. அவ்வளவுதான், கட்டி வைத்திருந்த நூறு ஆண்டுத் தேய்மானமும் ஒன்றாய் அவிழ்ந்தது. பாறை வெங்காயம் போலத் தோல் தோலாக உரிந்தது, உரிந்தது நொறுங்கியது, நொறுங்கியது நீரோடு சரிந்து அடிவாரத்தில் படிந்தது. மலை தேயாதவரை தானும் மூப்படையாதிருந்த வச்சிரமாலி, கூன் விழுந்த கிழவனானான். கோட்டைச் சுவர் பிளந்ததைக் கண்டு ராஜா கோபப்படப் பார்த்தார். களஞ்சியத்தில் ஒரு படி ராகிகூட இல்லாதது நினைவுக்கு வரவே, வயலுக்கு இறங்கி வந்தார்.

சடையப்பன் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இது மண்ணில்லையே அம்முணி. வெறும் பொடி."

உண்மைதான். மயிலாத்தா அதை மறுக்கவில்லை. இன்னும் பாதி வேலை இருக்கிறது என்றாள். மழை அதையும் அடித்துப் போகாமல் சரிவின் குறுக்கே கல் வரப்பு அடுக்கினார்கள். சருகு கொட்டினார்கள், சாணம் கொட்டினார்கள், கொழிஞ்சிச் செடியைத் தழையுரமாக மடக்கி உழுதார்கள். வச்சிரமாலியும் சருகு கூட்டினான். கூட்டினால்தான் கூழ் கிடைத்தது.

மறுவருடம் காளியாத்தா வயலில் ஒரு பிடி அள்ளினாள். கறுப்பாக, ஈரமாக, விரலில் ஒட்டியது. அதற்குள் ஒரு மண்புழு நெளிந்தது.

"விதைக்கலாம் மயிலு" என்றாள்.

விதைத்தார்கள், விளைந்தது, களி கிண்டினார்கள். உண்ட ஊரும் நலம், கேட்ட நீங்களும் நலம்.