புதன்கிழமை புறப்பட்டவர்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தவர் நல்லமுத்து. கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடத்தில் இருந்த மாசிலாமணி சாமிதான் அவருக்குக் குரு. சீடருக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கு மீசைகூட இன்னும் கறுப்புதான். அதனால் ரெண்டு பேருமே ஒருத்தரை ஒருத்தர் 'ங்க' போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள்.

நல்லமுத்துவுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. டயர்க் கடைக் காலண்டரில் ஒருநாள் ஒரு படம் பார்த்தார். மேகத்துக்கு மேலே பச்சை மலை, அதன் தோளில் ஒரு கல் ஊர். கூரை இல்லை, ஆள் இல்லை. பெரு தேசத்தில் இன்கா ராஜாக்கள் காலத்து ஊர், பேர் மச்சு பிச்சு என்று கடைக்காரர் படித்துச் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது. பட்டறையை மூடிவிட்டு வந்து படுத்தால் செல்போனில் அந்த ஊர்தான். சுண்ணாம்பு இல்லாமல் கல்லோடு கல்லை எப்படிச் சேர்த்தார்கள்? அத்தனை உயரத்துக்கு எப்படி ஏற்றினார்கள்? இவ்வளவு பாடுபட்டுக் கட்டிவிட்டு ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்? இவர் கேட்டுக் கேட்டு, வீட்டுக்காரி பாவாயிக்கே அந்த ஊரில் பாதி வழி தெரிந்துபோனது.

போகத்தான் இல்லை. ஒரு வருசம் மகளுக்குப் பிரசவம். ஒரு வருசம் அங்கே மழைக்காலம். ஒரு வருசம் பட்டறையில் வேலை நெருக்கடி. அந்த ஊரைக் கட்டினவன்கூட இவ்வளவு காலம் யோசித்திருக்க மாட்டான் என்பாள் பாவாயி.

இந்த வருசம் நெஞ்சு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெயிண்ட் தூசியிலேயே நின்று பழுதான நுரையீரல் அது. மலைக்காற்றை இப்போது போனால் தாங்கும், அடுத்த வருசம் வந்து கேட்டால் போகச் சொல்ல மாட்டேன் என்றார். அதற்குமேல் தள்ளிப்போட வழியில்லை. ஈரோட்டிலிருந்து கிளம்புகிற ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு பேர் கொடுத்தார் நல்லமுத்து. விமானம் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை மேற்கே சூலம் என்றார் ஜோசியர்.

தப்பிக்கிற வழியையும் அவரே சொன்னார். நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள் பரஸ்தானம் வைப்பது உண்டு. கொண்டுபோகிற பையை நல்ல நேரம் பார்த்து வேறொரு இடத்தில் வைத்துவிட்டால், அப்போதே பயணம் புறப்பட்டாகிவிட்டது என்று கணக்கு. பை வீடு திரும்பக் கூடாது. அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். புதன்கிழமை காலையில் நல்லமுத்து பையைத் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

சாமி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். விவரத்தைக் கேட்டுக்கொண்டார்.

"அந்த ஊர் எந்தப் பக்கமுங்க?"

"மேற்கேங்க சாமி. ஆனா கிழக்கே போனாலும் வருமுன்னு மருமகன் சொல்றாப்ல."

சாமி ஒரு முழுப் பழத்தை எடுத்து மேலே கட்டைவிரலை வைத்தார். "இது நாமக்கல்லுங்க. உங்க ஊர் எங்க வரும்?"

நல்லமுத்து பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடியில் ஒரு ஓரமாகத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப நம்ம காலுக்குக் கீழ இருக்குது. கீழ போறதுக்கு எந்தக் கிழமை சூலம்?"

நல்லமுத்து நிஜமாகவே யோசித்தார். "அதை ஜோசியர் சொல்லலீங்க. எதுக்கும் பை இங்க இருக்கட்டும்."

சாமி பையை வாங்கி விளக்கு மாடத்துக்குக் கீழே வைத்தார்.

மறுநாள் மதியம் நல்லமுத்து மறுபடியும் வந்தார். பையைத் திருப்பி எடுத்துப்போக வந்திருந்தார். வரவில்லை என்று ஈரோட்டுக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணியாயிற்று. சாமி கேட்டால் நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம் என பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தார்.

சாமி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார்.

"காலைக் கழுவிக்கோங்க. அம்புட்டுத் தூரம் போயிட்டு வந்திருக்கீங்க."

"நான் எங்கீங்க சாமி போனேன்?"

"நேத்துப் புறப்பட்டுட்டீங்களே. கணக்குப்படி நீங்க ஊருல இல்லாத ஆளு. இன்னைக்கு என்ற முன்னால நிக்கறீங்கன்னா, போயிட்டுத் திரும்பி வந்துட்டீங்கன்னுதானுங்களே அர்த்தம்?"

நல்லமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். சாமி பாய் விரித்து உட்காரவைத்து, மோர் கொடுத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தூர தேசம் போய் வந்தவரிடம் கதை கேட்கிற ஆள் மாதிரியே இருந்தது அந்த உட்கார்ந்த தோரணை.

"சொல்லுங்க. ஊர் எப்படி இருந்துச்சு?"

முதலில் நல்லமுத்து விளையாட்டுக்குத்தான் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் விளையாட்டு மறந்துபோனது. ஆற்றோரமாகவே ரயில் போகும் என்றார். இறங்கி பஸ் ஏறினால் ரோடு மலைமேல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஏறும். உள்ளே ஒரே போக்காகத்தான் நடக்கவேண்டும், வந்த வழியில் திரும்ப விடமாட்டார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கத்தி முனைகூட நுழையாது. மலைச் சரிவெல்லாம் படிப்படியாகக் கழனி. காலையில் கீழேயிருந்து மேகம் ஏறி வரும். லாமா என்று ஒரு பிராணி, ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பிறந்த மாதிரி, வழியில் குறுக்கே நிற்கும். சொல்லச் சொல்ல நல்லமுத்துவின் கை காற்றிலே மதில் கட்டியது.

சாமி வாயைத் திறந்தபடி கேட்டார். நடுநடுவே "அட" என்றார்.

"அந்த மதில்ல கை வெச்சா எப்படி இருந்துச்சுங்க? சில்லுன்னா, வெதுவெதுன்னா?"

"தொடக் கூடாதுங்களாமா."

"செரி. மேகம் கீழ இருந்து ஏறி வருமுன்னீங்க. அது மூஞ்சில பட்டா நனையுதுங்களா?"

நல்லமுத்து மோரைக் கொஞ்சம் குடித்தார்.

"உங்களையும் உங்க வேட்டியையும் பாத்து அந்த ஊர்க்காரங்க என்ன சொன்னாங்க?"

"வேட்டி இல்லீங்க. பாவாயி பேன்ட் எடுத்துக் குடுத்திருக்கறா."

"பேன்ட்டா?" சாமிக்கு அதுவே பெரிய செய்தியாக இருந்தது. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். "காத்தால மொதல்ல எந்தக் குருவி கத்துச்சு?"

"தெரியலீங்களே."

"எத்தனையோ படம் பாத்தீங்களே?"

"அதுல பாட்டுப் போட்டுருவாங்க சாமி. ஒரு சத்தமும் கேக்காது."

வெளியே யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போனார்கள். மணிச் சத்தம் தேய்கிறவரைக்கும் நல்லமுத்து டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு அடைக்கிறது என்று சொல்ல வந்தவருக்கு அந்தச் சொல் வரவில்லை.

"நான் பையை எடுத்துட்டு வீட்டுக்குப் போகத்தான் வந்தேனுங்க."

"ம்."

"பயம் காத்துக்கு இல்லீங்க சாமி. தெனம் படுத்தா அங்க போயித்தான் தூங்கறேன். கண்ணை மூடுனா அந்த வாசல்ல நிப்பேன். இன்னைக்கு அப்படிப் போலாமா, இப்படிப் போலாமான்னு இருக்கும். நேர்ல பாத்துட்டு வந்துட்டா அது முடிஞ்சு போச்சுங்களே. அதுக்கப்பறம் ராத்திரி நான் எங்க போறது?"

சாமி தலையாட்டிக்கொண்டார். மோர்ப் பானையை மூடி வைத்தார். பாயோரத்தில் ஊர்ந்த எறும்பைக் காகிதத்தில் ஏற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நல்லமுத்து போகவும் இல்லை, பையைத் தொடவும் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ கூர்ந்து கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க சாமி, அத்தனை ஒசரத்துல குருவி இருக்குங்களா?"

"ஆருக்குத் தெரியும்?"

"ஊருக்குள்ள மரமே கம்மிங்க. அப்ப கல்லு இடுக்குலதான் கூடு கட்டும். ஆனா இடுக்கே இல்லாமத்தானே கட்டியிருக்கறான்? எங்க போயிக் குஞ்சு பொரிக்கும்?"

சாமி பாயோரத்தில் இன்னொரு எறும்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"விடியறதுக்கு முன்னாலயே கத்துமா? இல்ல, மேகம் விலகட்டுமுன்னு பாத்திருக்குமா? சொல்லுங்க சாமி, நீங்களாக் கேட்டுட்டு இப்ப சும்மா இருந்தா எப்படி?"

"என்னையக் கேட்டா?" என்றார் சாமி. "நானா போறேன்?"