மாரிக்கனிக்குக் காய்ச்சல் இல்லை

ஏ, உக்காருங்கப்பா எல்லாரும்! நின்னுக்கிட்டே கேட்டா காலுதான் கடுக்கும், கதை ஏறாது. அங்க யாரு, மூக்கையா மாப்பிள்ளையா? பேச்ச நிப்பாட்டும்வே! நீரும் பேசி நானும் பேசுனா கேக்கதுக்கு யாரு இருக்கா? ம், இப்பச் சரி.

ஒரு தாலுகா ஊரு. அங்க ஒரு முன்சீப் கோர்ட்டு. வக்கீல் வைக்க வழியில்லாம வர்றவுகளுக்கு உதவி செய்யதுக்குன்னு மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூமு. அதுல தில்லைநாயகின்னு ஒரு பொம்பள. வக்கீல் இல்ல, கருப்புக் கோட்டு இல்ல. ஆனா கோர்ட்டுல எந்தக் கதவு எங்க தொறக்கும்னு தெரியும்.

அவகிட்ட தொழில் பழக வந்தவரு கோமதிநாயகம் அண்ணாச்சி. அவள டீச்சரம்மான்னுதான் கூப்பிடுவாரு. பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வயசுல குரு சிஷ்யன்ல பாதி. பேச்சுல கால்வாசி கூடத் தேறமாட்டா.

அன்னைக்கு மாரிக்கனி வந்தா. இட்லிக் கடைக்காரி. வாடகை வீடு, வாசல்லயே கடை. வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிக் கேஸு போட்டிருந்தான். போன வாய்தாவுக்கு முன்னால கோர்ட்டு வாசல்ல ஒருத்தன், "யக்கா, நீ ஏன் அலையுத? வராத, நா பாத்துக்கிடுதேன்"னு தேனாப் பேசியிருக்கான். இவளும் வரல. அவன் பாத்துக்கிட்ட லட்சணம், ஆளு ஆஜர் இல்லன்னு வீட்டுக்காரன் பக்கமே தீர்ப்பாயிப் போச்சு.

அத ரத்து பண்ணச் சொல்லிப் போட்ட மனு அன்னைக்கு விசாரணை. மனு போச்சுன்னா, வீட்டக் காலி பண்ண வைக்க கோர்ட்டு அமீனா வந்து அடுப்பத் தூக்கி ரோட்டுல வச்சிருவாரு.

வாசல்ல அவன் ஏமாத்துனதுல இருந்து மாரிக்கனி யாரையும் நம்புறதில்ல. வாயையும் தொறக்கமாட்டா. அண்ணாச்சி ஆசையா டீ வாங்கிக் குடுத்தாரு. மோந்து பாத்துட்டு ஓரமா வச்சிட்டா.

அண்ணாச்சிக்கும் அன்னைக்கு ஒரு சந்தேகம் உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. வீட்டுக்காரனோட வக்கீல் குமாஸ்தாகிட்ட தில்லைநாயகி சிரிச்சுப் பேசுனத காலைலயே பாத்துட்டாரு.

"டீச்சரம்மா, அந்தக் குமாஸ்தா யாரு?"

"எங்க சித்தி மகன், அண்ணாச்சி."

"ஐயோ, மெதுவாச் சொல்லுங்க! அந்தப் பொம்பள காதுல விழுந்திரும்."

"விழணும்னுதான் சொன்னேன்."

விழுந்துருச்சு. மாரிக்கனி பையத் தூக்கிக்கிட்டு பெஞ்சோட அந்தக் கடைசிக்கு நவுந்துட்டா.

ஜட்ஜு வர்றதுக்கு முன்னால தில்லைநாயகி அவள ஹாலுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனா. பெஞ்ச் கிளார்க்கத் தவிர ஆளே இல்ல, ஃபேன் மட்டும் சுத்துது.

"ஜட்ஜு அங்க இருப்பாரு. நீங்க இங்க நிக்கணும். அன்னைக்கு ஏன் வரலன்னு கேப்பாரு. எங்கள மாதிரி ஆளு இங்க உங்களுக்காகப் பேச முடியாது. நீங்கதான் பேசணும். நா சொன்னது நெசமான்னு அந்தா, பெஞ்ச் கிளார்க்கு இருக்காரு, அவர்ட்ட நீங்களே கேட்டுப் பாருங்க."

மாரிக்கனி கேக்கப் போனா. அண்ணாச்சிக்குப் பொறுக்கல.

"நம்மளயே சந்தேகப்படச் சொல்லிக் குடுக்கீகளே, இது என்ன உதவி? என்ன பேசணும்னு ரெண்டு வார்த்த சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

தில்லைநாயகி கைப்பைய எடுத்துக்கிட்டு, ஹால்ல கடைசி பெஞ்சுல போயி உக்காந்துட்டா.

'ஆகா, சித்தி மகன் வேலையக் காட்டிட்டான்'னு அண்ணாச்சி முடிவே கட்டிட்டாரு. நேரா மாரிக்கனிகிட்ட போனாரு.

"தாயி, இவள நம்பாத. நா சொல்லுதேன் கேளு. அன்னைக்குக் காய்ச்சல்னு சொல்லிரு. எல்லாரும் சொல்லுதது அதான். கைய நெத்தில வச்சு, குரல இப்பிடி எறக்கி, 'ஐயாஆ… படுத்த படுக்கையாக் கெடந்தேன்யாஆ…'"

மாரிக்கனி அவர ஏற எறங்கப் பாத்தா. அம்புட்டுதான்.

கோர்ட்டு கூடிச்சு. இவள மாதிரியே வாய்தாவ விட்ட மொத ஆளு வந்தாரு. ஏன் வரல? "காய்ச்சலுங்கய்யா." அடுத்து ஒரு மீசைக்காரரு. "கடுங்காய்ச்சல்யா." அதுக்கடுத்த அம்மா கூப்பிடும்போதே இருமிக்கிட்டே வந்துட்டா. ஜட்ஜு கண்ணாடியக் கழட்டி வச்சாரு.

"இந்தத் தாலுகாவுல காய்ச்சல் வாய்தா தேதி பாத்துத்தான் வருது போல."

அப்பத்தான் வாசல்ல பேரு கூப்பிடுத டவாலி குரல் விட்டாரு: "மாஆரிக்கனி! மாஆரிக்கனி! மாஆரிக்கனீஈ!"

போயி நின்னா.

"நீங்க ஏம்மா வரல?"

பேச்சே இல்ல. அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளல. கடைசி பெஞ்சுல இருந்தே நெத்தியத் தொட்டுக் காட்டுதாரு. ஒதட்டக் குவிச்சு "கா…ய்…"ங்காரு. பத்தாததுக்கு ரெண்டு இருமல் வேற.

ஜட்ஜு பாத்துட்டாரு. "யாருய்யா அது? உமக்கென்ன காய்ச்சலா?"

ஹாலே சிரிச்சுது. ஜட்ஜு சிரிக்கல.

"ஏம்மா, அவரு சொல்லிக் குடுத்தாரா? ஒப்பிக்க வந்திருந்தா மனுவத் தள்ளுபடி பண்ணிருவேன்."

அண்ணாச்சி தில்லைநாயகி கைய இடிச்சாரு. "எந்திரிச்சு ஏதாச்சும் சொல்லுங்கம்மா! அடுப்பு ரோட்டுக்குப் போயிரும்!"

அவ மடியில கையக் கோத்தபடி இருந்த எடத்துலயே இருந்தா.

மாரிக்கனி திரும்பி ரெண்டு பேரையும் பாத்தா. அப்புறம் ஜட்ஜப் பாத்தா.

"காய்ச்சல் இல்லய்யா. நல்லாத்தான் இருந்தேன். வராத, நா பாத்துக்கிடுதேன்னு வாசல்ல ஒருத்தன் சொன்னான். நம்பி, இட்லி ஊத்திக்கிட்டு இருந்துட்டேன்."

"யாரு அவன்?"

"தெரியாதுய்யா. தெரிஞ்சிருந்தா நம்பியிருப்பனா?"

வீட்டுக்காரனோட வக்கீல் ஆட்சேபனைன்னு எந்திரிச்சாரு. ஜட்ஜு கையக் காட்டி உக்கார வச்சாரு.

"காலைல இருந்து இப்பத்தான் காய்ச்சல் இல்லாத ஒரு ஆளப் பாக்கேன். தீர்ப்ப ரத்து பண்றேன். கேஸு முதல்ல இருந்து நடக்கும். சரிம்மா, இனிமே யாரு நடத்துவா? பின்னால இருக்காங்களே, அவங்களா?"

அண்ணாச்சி பாதி எந்திரிச்சுட்டாரு. தில்லைநாயகி அசையல.

"நாந்தான்யா நடத்துவேன்"னா மாரிக்கனி. "நா வாய மூடுனா, 'நா பாத்துக்கிடுதேன்'னு யாரு மொதல்ல எந்திரிக்கான்னு பாக்கத்தான் அவுகளப் பின்னால உக்கார விட்டிருக்கேன்."