நடுவே நின்ற போரான்

ஒரு காலத்தில் கொதிக்கும் உலோகக் குழம்பு ஒன்றைச் சுழலும் செம்புச் சக்கரத்தின்மேல் ஊற்றினார்கள். கண் சிமிட்டுவதற்குள் அது ஆறி மெல்லிய நாடாவாகிவிட்டது. உள்ளே இருந்த அணுக்களுக்கு வரிசையில் நிற்க நேரமே கிடைக்கவில்லை. ஸ்டாச்சு விளையாட்டில் பிள்ளைகள் நிற்பதுபோல், ஓடிய இடத்திலேயே நின்றுவிட்டன.

பெரும்பாலானவை இரும்பு. இடையிடையே போரான் என்னும் தனிமத்தின் குள்ளமான அணுக்கள். அப்படி ஒரு போரான் நான்கைந்து இரும்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது.

இரும்புகளுக்கு வரிசை என்றால் உயிர். இந்தக் குட்டையன் மட்டும் இல்லாவிட்டால் எப்போதோ ஒழுங்காக நின்றிருப்போம் என்று அதன் காதுபடவே பேசின. போரானுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். அந்தக் கோணல்மாணல்தான் நாடாவின் பலம் என்று அதற்குத் தெரியாது. நமக்குத் தெரிந்து என்ன பயன், கதைக்குள் போய்ச் சொல்லவா முடியும்?

நாடாவைச் சுருட்டி, டிரான்ஸ்பார்மருக்குள் வைக்கும் வளையமாக்கினார்கள். சுருட்டிய இறுக்கம் தளர, அதை அளவான சூட்டில் கொஞ்ச நேரம் வைப்பது அந்தப் பட்டறை வழக்கம். அன்று உலைக்காரர் சவரிமுத்து, முந்தின நாள் சாதாரணத் தகடுகளுக்கு வைத்த கடும் சூட்டை மாற்ற மறந்துவிட்டு, சாப்பிடவும் போய்விட்டார்.

உலைக்குள் வெப்பம் வந்தது. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத ஆசாமி அது. இரும்புகள் அதனிடம் முறையிட்டன. அது நேரே போரானிடம் வந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லேன். உன்னாலதான் இவங்களுக்குச் சிரமம்."

"எங்கே போறது?"

"ஓரமா எங்கேயாவது."

தன்னால் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று போரான் நகர்ந்தது. நான்கு இரும்புகள் தோளோடு தோள் சேர்ந்தன. அவற்றைப் பார்த்து நாற்பது, அப்புறம் நாலாயிரம். அக்கம்பக்கத்திலும் வரிசைகள் கிளம்பின, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்து. அவை முட்டிக்கொண்ட எல்லைகளில் போரான்கள் ஒண்டிக்கொண்டன.

சவரிமுத்து வந்து வளையத்தை ஆறவைத்து, சோதிப்பதற்காக அதன்மேல் கம்பி சுற்றி மின்சாரம் பாய்ச்சினார். மின்சாரம் நொடிக்கு நூறு முறை திசை மாறும். அதன் காந்த இழுப்புக்கு இரும்புகளும் கூடவே முகம் திருப்ப வேண்டும். முன்பென்றால் சுலபமாகத் திரும்பியிருக்கும். இப்போது ஒன்றன் தோளை ஒன்று பிடித்திருந்ததால் திமிறித்தான் திரும்ப முடிந்தது. வளையம் உறுமிச் சூடேறியது. அவர் நாடாவின் நுனியைப் பிரித்து விரலால் மடக்கினார். வரிசைகளின் எல்லை வழியே அது சடக்கென்று முறிந்தது.

"சூடு கூடிப்போச்சு, என் தப்புதான்," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "இது இனி எதுக்கும் ஆகாது."

இரும்புகள் பதறிப்போயின. பழையபடி நடுவே வந்து நில்லப்பா என்று போரானைக் கெஞ்சின.

போரானுக்குக் கோபம் இல்லை. வரத்தான் பார்த்தது. அத்தனை ஒழுங்கில் அது நுழைய ஓர் இடுக்குகூட இல்லை.