போறேன்னு சொல்லாதவ

ஒரு ஊர்ல ஒரு உப்பளத்துக்காரி இருந்தா. பேரு முத்துப்பேச்சி. அந்த ஊர் இருந்த நாடு ரொம்பப் பெரிய நாடு. வடக்கே பனி, மேற்கே மணல், கிழக்கே மலை, தெற்கே கடல். பத்து நாள் நடந்தா பாஷை மாறும். இன்னும் பத்து நாள் நடந்தா சோறு மாறும், தலைப்பாகை மாறும், அழுற விதம்கூட மாறும். எங்கே, 'ம்' கொட்டு. அப்போதான் வண்டி நகரும்.

அப்போ அந்த நாட்டு ராஜா தலைநகரத்துல பெரிய சந்தை ஒண்ணு கட்டினார். ஒவ்வொரு சீமைக்கும் ஒரு கடை, மேலே ஓட்டுக் கூரை. கடை கொடுக்கிற பொறுப்பு ஒரு மந்திரிக்கு. அவர் தடியா ஒரு புத்தகம் வெச்சிருந்தார். அதுல ஒவ்வொரு சீமை பேருக்கும் எதிரே, அந்த ஜனங்க எப்படிப்பட்டவங்கன்னு ஒரே ஒரு சொல் எழுதுவார். லட்சம் பேருக்கு ஒரு சொல்! எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரு.

அப்புறம் முத்துப்பேச்சி ஊர் உப்பு மொத்தத்தையும் பத்து வண்டியில ஏத்திக்கிட்டு, கடக் கடக்னு இருபது நாள் போய்ச் சேர்ந்தா. மந்திரிக்கு அவ பாஷை தெரியாது. ரெண்டு பாஷையும் தெரிஞ்ச துபாஷி ஒருத்தர் நடுவுல நின்னார். மந்திரி ஒரு கல் உப்பை வாயில போட்டுப் பார்த்தார். "நல்ல உப்பு. கடை உனக்குத்தான், இப்போ போகலாம்"னார். அவ கும்பிட்டு, "வாரேன்யா"ன்னு சொல்லிட்டு வெளியே போனா. மாட்டுக்குத் தண்ணி காட்டணுமில்லையா?

துபாஷி என்ன சொன்னார் தெரியுமா? "வருகிறேன் என்கிறாள், பிரபு."

மந்திரி காத்திருந்தார். டக் டக்னு மேஜையில விரலால தட்டினார். சோறு ஆறிப்போச்சு, அப்பளம் நமுத்துப்போச்சு. அவ வரல. மந்திரி மூக்கு சிவந்துது. கிறுக் கிறுக்னு எழுதினார்: 'தென்கடல் சீமை: பொய்யர்.' கடையும் கிடையாதுன்னுட்டார்.

மறுநாள் காலையில முத்துப்பேச்சிக்குச் சேதி வந்துது: வாரேன்னு சொல்லிட்டு வரலையாம், பொய்யராம், கடை கிடையாதாம். அவளுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துது. மேலே பார்த்தா கருமேகம் திரளுது. வண்டியில இருக்கிறதோ உப்பு. மழை விழுந்தா ஒரு ஊரோட வருஷத்து உழைப்பு சாக்கடையில ஓடும். ம்?

முதல்ல வாசலுக்குப் போனா. காவல்காரனுக்கு அவ பாஷையில 'வா', 'போ'ன்னு ரெண்டே சொல் தெரியும். "போ!"ன்னான். பழக்கதோஷம், அவ "வாரேன்"னுட்டா. "வாவா? போ! போ!"ன்னு ஈட்டியைக் குறுக்கே வெச்சான்.

ரெண்டாவது, துபாஷி வீட்டுக்குப் போனா. "ஏன்யா, நான் விடைபெத்துக்கிட்டது உமக்குப் புரியலையா?"

"புரிஞ்சுதும்மா. ஆனா நான் சொல்லைத்தான் மாத்திச் சொல்லணும். அர்த்தத்துக்கு எனக்கு உத்தரவு இல்ல."

"நாக்கை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கீரோ?"

துபாஷி தலையைக் குனிஞ்சார். "உங்களுக்கு மட்டுமில்லம்மா. அதோ, அந்த மரத்தடியில பாருங்க. அந்த மலைச்சீமைப் பொண்ணு, கடை வேணுமான்னு கேட்டதும் வேண்டாம்னா. அவங்க ஊர்ல ரெண்டு தடவை மறுத்துட்டு மூணாவதுதான் வாங்கிக்கணும், அதுதான் மரியாதை. மந்திரி ரெண்டாவது தடவை கேட்கவே இல்ல. 'அலட்சியக்காரர்'னு எழுதிட்டார். பக்கத்துல மணல்சீமைப் பெரியவர். அவங்க தலைப்பாகையைச் சாவு வீட்லதான் கழட்டுவாங்க. சபையில கழட்டலைன்னு 'திமிர் பிடித்தவர்'னு எழுதிட்டார்."

"எல்லாம் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டா இருந்தீர்? எழுந்திரும்!" துபாஷியோட மேல்துண்டைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, அந்த ரெண்டு பேரையும் கையசைச்சுக் கூப்பிட்டுக்கிட்டு, விறுவிறுன்னு போனா. துபாஷி கூட வந்தா காவல்காரனால தடுக்க முடியாது.

மூணாவதா, மந்திரி முன்னாடி. துபாஷி எல்லாத்தையும் விளக்கினார். மந்திரி சிரிச்சார். "அவ சொன்னதுக்கு அர்த்தம் 'போறேன்'தான்னா, அந்தச் சொல்லையே சொல்லிக் காட்டட்டும். உடனே கடை."

"சொல்ல மாட்டேன்யா. எங்க ஆளுங்க கடலுக்குள்ள போறவங்க. திரும்பி வராதவங்க வாயில வர்ற சொல் அது."

"சொல்லு."

"மாட்டேன்."

கடகடன்னு இடி இடிச்சுது. "மழை வருது, உப்புக்காரி. கடைசியாக் கேக்கிறேன், சொல்லு. ஒரு சொல்தானே?"

அவ சன்னல் வழியா வண்டிகளைப் பார்த்தா. அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துது. விழுங்கிட்டா. "ஒரு சொல்தான்யா. அந்த ஒரு சொல்லுக்குத்தானே எங்க சீமையையே பொய்யர்னு எழுதினீங்க? சரி, உங்க ஊர்ல வீட்டை விட்டுக் கிளம்புறவங்களுக்கு என்ன சொல்வீங்க?"

"நூறு வருஷம் இருன்னு வாழ்த்துவோம்."

"உங்க அப்பா எத்தனை வருஷம் இருந்தாரு?"

"அறுபத்தெட்டு."

"அவரை வாழ்த்தினவங்க எல்லாரும் பொய்யரா?"

துபாஷி இதைச் சொல்லவே தடுமாறினார். ஆனா சொல்லிட்டார், இந்தத் தடவை அர்த்தத்தோட. மந்திரி புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்புறம், "சரி, மன்னிச்சுட்டேன். மூணு பேருக்கும் கடை"ன்னார்.

"மன்னிப்பா? நாங்க என்ன தப்புப் பண்ணினோம்? எழுதினதை அடிங்க."

வெளியே பொட்டுப் பொட்டுன்னு தூறல் விழுந்துது. அவ நகரல. மந்திரி பேனாவை எடுத்து, சர்ருனு ஒரு கோடு, சர்ருனு ரெண்டு, சர்ருனு மூணு அடிச்சார். அப்புறம்தான் அவ வண்டிக்காரங்களைக் கூவினா. தடதடன்னு பத்து வண்டியும் கூரைக்குக் கீழே போச்சு. ஒரு மூட்டை மட்டும் கொஞ்சம் நனைஞ்சுது.

மந்திரிக்கு மனசு இளகிடுச்சு. "அடிச்ச இடத்துல 'நல்லவர்'னு எழுதட்டுமா?"

முத்துப்பேச்சிக்கு அப்பவும் கோபம் தணியல. "எங்க ஊர்ல நல்லவனும் இருக்கான், நாலு அயோக்கியனும் இருக்கான். உங்க ஒரு சொல்லுல அத்தனை பேரும் அடங்க மாட்டோம். அந்த இடம் காலியாவே இருக்கட்டும்."

துபாஷி அதை ஒரு எழுத்து விடாம மாத்திச் சொன்னார். மந்திரி பேனாவைக் கீழே வெச்சுட்டார்.

அவ்வளவுதான், கதை படுத்துக்கிச்சு. நீயும் கண்ணை மூடு.