சத்தமில்லாத ஆய்வேடு

"பட்டனை அமுக்கிரட்டுமா, மேடம்?" என்று கேட்டார் அருள்ராயன்.

"அப்படி என்ன அவசரம், அண்ணாச்சி?" என்றார் மைமூன்.

மைமூன் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் தலைவர். அருள்ராயன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கணினி மையத்தில் வேலை பார்த்தவர். நூலகத் தொழிலைக் கற்க வேண்டும் என்று தானே மாற்றல் வாங்கிக்கொண்டு மைமூனிடம் வந்து சேர்ந்தவர்.

பழைய ஆய்வேடுகள் அத்தனையையும் அவர் ஸ்கேன் செய்து முடித்திருந்தார். இணையத்தில் ஏற்றுவதுதான் பாக்கி.

"ஒரே அமுக்கு. உலகமே படிக்கும்!"

"எழுதினவங்க எல்லாரும் சரின்னு சொல்லிட்டாங்களா?"

"முக்காவாசிப் பேர் சொல்லிட்டாங்க. மத்தவங்க எங்க இருக்காங்கன்னே தெரியலை. போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்துட்டு. ஆளே இல்லைன்னா அது யாருக்குச் சொந்தம் மேடம்?"

மைமூன் எழுந்து வெளியே போனார்.

மதியச் சாப்பாட்டுக்கு அருள்ராயன் ஸ்கேனர் அறையிலிருந்து வந்தார். தூசி ஆகாது என்பதால் அந்த அறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. வாசலில் விட்டிருந்த அவருடைய செருப்பைக் காணவில்லை.

"மேடம், என் செருப்பைப் பாத்தீங்களா?"

"வாட்ச்மேன்கிட்டக் கொடுத்தேன். போட்டுக்கிட்டுப் போயிட்டார்."

"ஐயோ, அது என்னோடதுல்லா!"

"வாசல்ல கிடந்துச்சு. பக்கத்துல ஆளே இல்லை."

அருள்ராயன் சிரித்துவிட்டார். பிறகு யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"மேடம், அது வேற, இது வேற. நான் எடுக்கது நகல்தானே? நகல் எடுத்தா செருப்பு இடத்துலயே கிடக்கும். யாருக்கும் கால் சுடாது."

மைமூன் அவர் பக்கம் திரும்பினார்.

"சரியாத்தான் சொல்றீங்க" என்றார்.

அருள்ராயனுக்கு உச்சி குளிர்ந்தது. "அப்ப அமுக்கிரட்டுமா?"

"அமுக்கலாம். அதுக்கு முன்னால எழுதினவங்களைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க. உங்க செருப்பு இத்தனை வருஷமா எங்க வாசல்ல பத்திரமா இருக்குன்னு."

சொல்லிவிட்டு, மேசையிலிருந்த ஓர் ஆய்வேட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

'செவ்வந்திக்குளத்துத் தவளைகள்.' எழுதியவர் தங்கபுஷ்பம். முப்பது வருடத்துக்கு முந்தியது.

அருள்ராயனுக்கு அந்தப் பெயர் தெரியும். குவாஹாத்தியிலிருந்து ஹிமாங்ஷு என்ற ஆய்வாளர் அதைக் கேட்டு மின்னஞ்சல்மேல் மின்னஞ்சலாக அனுப்பிக்கொண்டிருந்தார். போன மழைக்கு அவர் செவ்வந்திக்குளத்துக்கு வந்திருந்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு தவளையின் குரலை அங்கே கேட்டிருந்தார். இதை முதலில் கேட்டவன் நான் என்று கட்டுரை எழுதி வைத்திருந்தார். அனுப்புவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தனக்கு முன்பே வேறு யாராவது அதைக் கேட்டிருக்கிறார்களா?

ஆய்வுக்குத் தேவையான பக்கங்களை மைமூன் அப்போதே அனுப்பிவிட்டார். அந்த அளவுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'இதன் குரலுக்கு ஒலிநாடாவைக் காண்க.'

ஒலிநாடா நூலகத்தில் எந்த அலமாரியிலும் இல்லை.

"வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பப் போறாராம்" என்றார் மைமூன். "இன்னைக்கு புதன்."

மறுநாள் காலையில் அருள்ராயன் பைக்கை எடுத்தார். செருப்பு அதற்குள் திரும்பி வந்திருந்தது.

ஆய்வேட்டில் இருந்த முகவரியில் இப்போது கைப்பேசிக் கடை இருந்தது. கடைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. விலங்கியல் துறைக்குப் போனார். வழிகாட்டிய பேராசிரியர் இறந்து வெகு காலமாகிவிட்டது என்றார்கள்.

அவர் மைமூனுக்குப் போன் செய்தார்.

"மேடம், எல்லா வழியும் அடைச்சுக் கிடக்கு."

"எங்க நிக்கீங்க?"

"ரோட்டுல."

"அவங்க எங்க நின்னாங்க?"

"யாரு?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அருள்ராயன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு ஆய்வேட்டின் அட்டையைப் பார்த்தார். பிறகு பைக்கைச் செவ்வந்திக்குளத்துக்குத் திருப்பினார்.

குளத்தில் பாதித் தண்ணீர் கிடந்தது. மடையருகே ஒரு விவசாயி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தங்கபுஷ்பம்னு ஒருத்தங்க. ரொம்ப வருஷத்துக்கு முன்னால இங்க வந்து தவளையைப் பத்தி..."

"யாரு, தவளை டீச்சரா?"

அருள்ராயன் பைக்கிலிருந்து குதித்து இறங்கினார்.

"கழுத்துல டேப்ரிக்கார்டரைத் தொங்கப் போட்டுக்கிட்டு இடுப்பளவு தண்ணியில நிப்பாகளே! மழை வந்தா ஊரு வீட்டுக்குள்ள ஓடும். அவுக குளத்துக்கு ஓடுவாக."

"இருக்காங்களா?"

"இல்லாமலா? வள்ளியூர்ல, ரயில்வே கேட்டுப் பக்கம். எம் பேத்திக்கு சயின்ஸ் சொல்லிக் கொடுத்ததே அவுகதான்."

நன்றி சொல்ல மறந்து அருள்ராயன் வண்டியை உதைத்தார். பாதி தூரம் போனவர் ஞாபகம் வந்து திரும்பி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

தங்கபுஷ்பம் வீட்டு வாசலில் நின்று, தள்ளுவண்டிக்காரரிடம் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை. உரத்த குரல்.

"அம்மா, நான் பல்கலைக்கழக நூலகத்துல இருந்து வாரேன்."

அவர் முகம் சுருங்கியது. "நான் எந்தப் புஸ்தகமும் பாக்கி வைக்கலையே! எல்லாத்தையும் அப்பமே திருப்பிக் கொடுத்துட்டேன்."

"இல்லம்மா. உங்க புஸ்தகம்தான் எங்ககிட்ட இருக்கு. தவளை ஆய்வேடு."

வெண்டைக்காய் ஒடியாமல் கையிலேயே நின்றது.

"அதையெல்லாம் யாரு படிக்கா?"

அருள்ராயன் ஹிமாங்ஷுவின் மின்னஞ்சலைத் திறந்து கொடுத்தார். தங்கபுஷ்பம் கைப்பேசியை எட்டப் பிடித்துப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலே போனார்.

"சின்னதா மூணு தட்டு... அப்புறம் பெஞ்சை இழுக்க மாதிரி நீளமா ஒண்ணு..." என்று முணுமுணுத்தார்.

காய்கறிப் பையைக் கீழே வைத்தார். தொண்டையை உப்பினார். அந்த நடுத்தெருவில் அவர் கத்தினார்.

"டக். டக். டக். க்ர்ர்ர்ராஆக்!"

வண்டிக்காரர் பின்னால் நகர்ந்துவிட்டார்.

"இதுதானே?" என்றார் தங்கபுஷ்பம். கண்கள் மின்னின.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? ஒலிநாடாவைக் காண்கன்னு எழுதியிருக்கீங்க. எங்ககிட்ட நாடா இல்லையே."

"எப்படி இருக்கும்? கொண்டுவந்து கொடுத்தேன். புஸ்தகம்னா வாங்குவோம், கேசட்டை வைக்க இங்க இடமில்லைன்னு உங்க நூலகத்துலதான் திருப்பி அனுப்புனாக."

அருள்ராயன் தலையைக் குனிந்துகொண்டு பையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்தார்.

"ஆய்வேட்டை எல்லாரும் படிக்க இணையத்துல போடலாமாம்மா? ஒரு கையெழுத்து..."

"போட மாட்டேன்."

"அம்மா!"

"சத்தம் இல்லாம அது பாதிதான். பாதியை எப்படி ஊருக்குக் காட்டச் சொல்லுதீய?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அருள்ராயன் தெருவிலிருந்தே போன் செய்தார்.

"மேடம்! கண்டுபிடிச்சிட்டேன்!"

"என்ன சொன்னாங்க?"

"மாட்டேங்காங்க."

"அப்படியா!" மைமூனின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கோட்டை விட்டுட்டேன்னு சொல்லுதேன். நீங்க சந்தோஷப்படுதீங்க."

"மாட்டேன்னு சொல்ல ஆள் இருக்காங்கள்ல, அண்ணாச்சி!"

கதவு திறந்தது. தங்கபுஷ்பம் வேறு சேலை கட்டியிருந்தார். நெஞ்சோடு ஒரு பிஸ்கட் டின்னை அணைத்திருந்தார்.

"வண்டியை எடுங்க."

"எங்கம்மா?"

"நூலகத்துக்குத்தான். வேற எங்க?"

டின்னுக்குள் அரிசி. ஈரம் ஏறாமலிருக்க அதற்குள் கேசட்டுகளைப் புதைத்து வைத்திருந்தார். வழி நெடுக, ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் அருள்ராயனின் தோளில் ஓர் அடி விழுந்தது.

"மெதுவா! உள்ள உயிர் இருக்கு!"

கிளம்பும்போதே அருள்ராயன் போனில் சொல்லியிருந்தார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மைமூன் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். தமிழ்த்துறை ஸ்டோரில் கிடந்த ஒரு டேப்ரிக்கார்டர். வாசிப்புக் கூடத்தின் ஒலிபெருக்கி. மடிக்கணினித் திரையில் ஹிமாங்ஷு, குவாஹாத்தியில், நகத்தைக் கடித்தபடி.

மைமூன் தங்கபுஷ்பத்தின் முன்னால் வந்து நின்றார்.

"அன்னைக்கு உங்க கேசட்டை வாங்கியிருக்கணும். இன்னைக்கு வாங்கிக்கலாமா?"

தங்கபுஷ்பம் டின்னை நீட்டினார். மைமூன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

முதல் கேசட் ஓடியது. வெறும் இரைச்சல். பிறகு யாரோ தண்ணீருக்குள் பேசுவதுபோல ஓர் இழுவை. பிறகு நின்றேவிட்டது.

கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

"போச்சு" என்றார் அருள்ராயன்.

"சும்மா இருங்க" என்றார் தங்கபுஷ்பம். கேசட்டை வெளியே எடுத்து, துளையில் பென்சிலைச் செருகி, நாடாவை இறுக்கிச் சுற்றினார். மறுபடி போட்டார்.

மழை கேட்டது.

மழைக்குப் பின்னால் ஒரு தவளை. அப்புறம் பத்து. அப்புறம் குளமே கத்தியது.

திரையில் ஹிமாங்ஷு கண்களை மூடிக்கொண்டார். இது தெரியும், இதுவும் தெரியும் என்பதுபோல் தலை அசைந்தது. தங்கபுஷ்பம் மெல்ல ஒரு விரலை உயர்த்தினார்.

"இப்ப வரும்."

டக். டக். டக்.

க்ர்ர்ர்ராஆக்!

ஹிமாங்ஷு துள்ளி எழுந்த வேகத்தில் அவர் நாற்காலி பின்னால் விழுந்தது. ஆங்கிலத்தில் ஆரம்பித்து அசாமியில் போய் முடித்தார். யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மூச்சு அடங்கியதும் அவர் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். கட்டுரையில் 'முதலில் கேட்டவன் நான்' என்ற வரியை இப்போதே அடித்துவிடுகிறேன் என்றார். தங்கபுஷ்பத்தின் பெயரை முதலில் போட்டு இருவரும் சேர்ந்து எழுத முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மழை வரட்டும்" என்றார் தங்கபுஷ்பம். "முதல்ல ரெண்டு பேரும் தண்ணியில போயி நிப்போம். அப்புறம் எழுதலாம்."

பிறகு அருள்ராயன் பக்கம் கையை நீட்டினார். "அந்தப் படிவத்தைக் கொண்டாங்க."

ஆய்வேட்டுக்கு ஒரு கையெழுத்து. ஒலிப்பதிவுக்கு ஒரு கையெழுத்து. பேனாவை மூடினார்.

"இனி உலகம் பூரா பாக்கட்டும்."

அருள்ராயன் கணினி முன் உட்கார்ந்து ஆய்வேட்டை ஏற்றினார். மாணவர்கள் கை தட்டினார்கள். யாரோ ஒருவன் விசிலடித்தான். மைமூன் அதட்டவில்லை.

அடுத்தது, கேசட் ஓடியபோதே கணினியில் பதிந்துகொண்ட ஒலிப்பதிவு. அருள்ராயன் அதன் பெயரைத் தட்டினார். பதிவு செய்தவர் என்ற இடத்தில் தங்கபுஷ்பம் என்று போட்டார். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. குரல் யாருடையது?

அவர் விரல் அங்கேயே நின்றது.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"எழுத்து அம்மாவோடது, சரி. பதிவும் அம்மாவோடது, சரி. ஆனா இந்தச் சத்தம் தவளையோடதுல்லா?"

மாணவர்கள் சிரித்தார்கள். அருள்ராயன் சிரிக்கவில்லை. மைமூனும் சிரிக்கவில்லை.

"இதுக்கு யாரைக் கேக்கணும் மேடம்?"

மைமூன் எழுந்தார். கூடத்தின் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். டேப்ரிக்கார்டரை மறுபடி ஓடவிட்டு, ஒலிக் குமிழைக் கடைசிவரை திருகினார்.

குளம் கூடத்துக்குள் வந்தது.

"கேளுங்க, அண்ணாச்சி."