யெர்லானுக்குச் சொன்னது

"மேடம், இன்னைக்கும் முட்டை வாங்கிருவனோ?"

காலையிலிருந்து பூவலிங்கம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். பஸ்ஸில் கேட்டான். இட்லிக்கு ஏங்கிக்கொண்டே ரொட்டியை மெல்லும்போது கேட்டான். தடை ஓட்டத்துக்கு ஷூ லேஸ் கட்டும்போதும் கேட்டான்.

பிலோமினா மேடம் ஒரு தடவையும் வாயைத் திறக்கவில்லை. கோச் என்றால் நாலு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போல.

அவன் பயத்திலும் நியாயம் இருந்தது.

டெக்கத்லான் என்றால் ஒரே ஆள் ரெண்டு நாளில் பத்துப் போட்டி. ஓட்டம், தாண்டல், எறிதல் என்று எல்லாம் உண்டு. மனுஷனைப் பிழிந்து கொடியில் காயப்போடுகிற ஆட்டம். பத்திலும் வாங்கிய புள்ளிகளைக் கூட்டித்தான் மெடல்.

எட்டாவது போட்டி, போல் வால்ட். நீளக் கம்போடு ஓடிவந்து, தரையிலிருக்கும் குழியில் ஊன்றி, உயரே கிடக்கும் க்ராஸ்பாரைத் தாண்ட வேண்டும். முதல் உயரத்திலேயே மூன்று தடவை தவறினால் அந்தப் போட்டிக்குச் சுழி.

போன தடவை, இதே சர்வதேசப் போட்டியில், ரெண்டாம் இடத்தில் இருந்த பூவலிங்கம் மூன்று தடவையும் தவறினான். சொந்த ஊர் நாங்குநேரிக்குத் திரும்பியபோது தெருப் பிள்ளைகள் அவனுக்குப் புதுப் பேரே வைத்திருந்தார்கள். முட்டைலிங்கம்.

இந்தத் தடவை ஏழு முடிந்து மூன்றாம் இடம். இதையும் கோட்டைவிட்டால் இனி எந்த டீமிலும் இடமில்லை என்று முன்னமே சொல்லியாச்சு.

ஆரம்ப உயரத்தைக் குறைவாகவே கேட்கச் சொன்னார் மேடம். தூக்கத்தில்கூடத் தாண்டுவான், அவ்வளவுதான் உயரம்.

ஓடினான். க்ராஸ்பாரோடு சேர்ந்து மெத்தையில் விழுந்தான்.

கோச்சுகள் மைதானத்துக்குள் வரக்கூடாது. காலரி வேலிக்கு அந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும். அங்கே ஓடிப்போய் நின்றான்.

"எங்க தப்பு மேடம்?"

மேடம் வேறு எங்கேயோ கை காட்டினார்.

அங்கே யெர்லான் நின்றான். கஜகஸ்தான்காரன். நாலாம் இடத்தில், பூவலிங்கத்தின் முதுகை உரசிக்கொண்டு வருகிறவன். அவனும் இதே உயரத்தில் இப்போதுதான் தவறியிருந்தான். அவனுடைய கோச் காய்ச்சலில் ரூமோடு படுத்துவிட்டார். பார்த்துச் சொல்ல ஆளில்லை.

"அவன் அடுத்து ஓடுறதப் பாரு. காலையும் பாரு, கண்ணையும் பாரு."

"நான் என் தப்பக் கேட்டா..."

"பாருடே."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் வீடு எரியும்போது பக்கத்து வீட்டுக்கு ஓடு மாற்றவா போவார்கள்?

இருந்தாலும் பார்த்தான். யெர்லான் நன்றாகத்தான் கிளம்பினான். கிட்டே வர வர கடைசி மூன்று எட்டும் சுருங்கின. முகம் மேலே போனது. குழியைப் பார்க்க வேண்டியவன் க்ராஸ்பாரைப் பார்த்தான். அப்புறமென்ன, கம்பு வளையவே இல்லை.

யெர்லான் எழுந்துவந்து இவனைப் பார்த்துக் கையை விரித்தான். என்ன ஆச்சு என்று கேட்பது மாதிரி இருந்தது.

பூவலிங்கத்துக்குத் தெரியும். தெரிந்தும், குனிந்து லேஸைச் சரிசெய்தான்.

பிறகு இவன் முறை. இவனும் தவறினான்.

பெரிய திரையில் அவன் பேருக்கு நேரே ரெண்டு பெருக்கல் குறி. நாங்குநேரியில் இந்நேரம் யார் யார் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று வேண்டாத நினைப்பு வேறு. மற்றவர்கள் முடித்து அவன் முறை வர அதிக நேரம் ஆகாது. திரும்பவும் வேலிக்கு ஓடினான்.

"மேடம், ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். எங்க தப்புன்னு சொல்லிருங்க."

"யெர்லான்ட்ட என்ன பாத்த?"

"பயந்து கடைசி எட்டச் சுருக்கிருதான். குழியப் பாக்காம மேல பாக்கான்."

"அவன்ட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"அவன் தாண்டிட்டான்னா என் மெடல் போயிரும் மேடம்."

நேற்று நானூறு மீட்டர் முடிந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாயே, யார் நீவிவிட்டது என்று கேட்டார் மேடம்.

நீவிவிட்டது யெர்லான்தான். பூவலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

"போ. அவன்ட்ட சொல்லு. சத்தமா சொல்லு."

"அவனுக்குத்தான் தமிழ் தெரியாதே. சத்தமா சொல்லி என்ன செய்ய?"

"சத்தமா சொல்லு."

"அப்ப என் தப்பு?"

மேடம் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். இனி அந்த வாயிலிருந்து ஒன்றும் பெயராது என்று அவனுக்குத் தெரியும்.

யெர்லான் பிடி வழுக்காமலிருக்க உள்ளங்கையில் மாவு பூசிக்கொண்டிருந்தான். பூவலிங்கம் அவன் முன்னால் போய் நின்றான். எட்டுகளைக் குறுக்கி வைத்துக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினான். தன் கண்ணைத் தொட்டான், மேலே காட்டினான், விரலை ஆட்டினான். பிறகு தொண்டை கிழியக் கத்தினான்.

"மேல பாக்காத!"

கத்தி முடித்ததும் அப்படியே திகைத்து நின்றான். ரெண்டு தடவையும் தன் கண்ணும் மேலேதான் இருந்தது.

யெர்லான் தலையாட்டிவிட்டுப் போய்க் கம்பைத் தூக்கினான். ஓடினான். கடைசி எட்டுவரை ஓடினான்.

தாண்டிவிட்டான். கூட்டம் கைதட்டியது. தன் மெடல் கைநழுவிப் போவதைப் பூவலிங்கம் பக்கத்தில் நின்று பார்த்தான்.

அவன் பேரை அழைத்தார்கள்.

கம்பைத் தூக்கிக்கொண்டு காலரியைப் பார்த்தான். மேடத்தின் பார்வை அவன் மேல் இல்லை. குழிக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே யெர்லான் நின்றிருந்தான். மெத்தையிலிருந்து இறங்கியவன் தன் இடத்துக்குப் போகவில்லை. தன் கண்ணைத் தொட்டான். மேலே காட்டினான். விரலை ஆட்டினான்.

பிறகு அவன் கத்தினான். பாதி உடைந்து, யாருக்கும் புரியாத மாதிரிதான் வந்தது அந்தத் தமிழ்.

"மேல... பாக்காத."

பூவலிங்கம் குழியைப் பார்த்துக்கொண்டே ஓடத் தொடங்கினான்.