நடந்தே போன அசைன்மென்ட்

இசக்கிராஜா அளக்க ஆரம்பிச்சா கேன்டீன்ல டீ ஆறிப்போகும். அன்னிக்கு பிளெஸ்ஸிக்கு அதைக் கேக்குற பொறுமை இல்லை. அஞ்சு மணிக்குள்ள பல்கலைக்கழக போர்ட்டல்ல அசைன்மென்ட்டை ஏத்தணும். தவறினா இன்டர்னல் மார்க் மொத்தமும் போச்சு. காலேஜ் வைஃபை செத்து ஒரு வாரமாச்சுன்னு தன் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு உக்காந்திருந்தா. அதோட பாஸ்வேர்டு வகுப்புக்கே தெரியும். லேப்டாப்ல வட்டம் சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" போனை மடியில வச்சுக்கிட்டு இசக்கி ஆரம்பிச்சான். "போன செமஸ்டர்ல எங்க ஊர்ல டவரே இல்ல. பனைமரத்து உச்சியில ஏறிப் பாத்தேன், ஒரு புள்ளி சிக்னல் இல்ல. பெறவு பைலைப் பாத்து, 'ஏல, நீயே போயிரு'ன்னேன். அதுவும் கெளம்பிட்டு, பாத்துக்கோ."

"பஸ்ஸுலயா?" பக்கத்துல உக்காந்து பப்ஸைக் கடிச்சுக்கிட்டே மாரிக்கனி கேட்டான்.

"பஸ்ஸுல கூட்டம்ல. நடந்துதான். யுனிவர்சிட்டி கேட்டுல வாட்ச்மேன் மறிச்சிருக்காரு. இசக்கியோட அசைன்மென்ட்டுன்னதும் எந்திரிச்சு சல்யூட் அடிச்சாராம்."

"இத யாருடே சொன்னா?"

"பைல்தான். திரும்பி வந்து சொல்லிச்சு."

பிளெஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துச்சு. மணியைப் பாத்ததும் அது பாதியிலயே போயிருச்சு.

"உள்ள போனதும் என் கருத்தோட கனம் தாங்காம சர்வர் உக்காந்துட்டு. நாலு மாவட்டத்துல ஒருத்தனும் லாகின் பண்ண முடியல. துணைவேந்தரே கூப்பிட்டு, 'தம்பி, ஒரு பத்தியை மட்டும் எடுங்க, சர்வர் மூச்சு விடட்டும்'னாரு. பாவமேன்னு முன்னுரையை எடுத்துக் கொடுத்தேன்."

"வீடியோ கிளாஸாவது பாத்திருக்கியால?" மாரிக்கனி விடலை.

"நீங்கல்லாம் ரெண்டு மடங்கு வேகத்துல பாப்பீங்க. நான் வச்ச வேகத்துல அடுத்த வருசப் பாடம் ஓடிட்டு. புரபசரே வந்து, 'நாளைக்கு நான் என்ன நடத்தப்போறேன்'னு கேட்டாரு. சொன்னேன். குறிச்சுக்கிட்டாரு."

பிளெஸ்ஸிக்கு ஏதோ தோணுச்சு. ஹாட்ஸ்பாட்டைத் தொறந்து பாத்தா, அவ லேப்டாப்போட இன்னொரு போனும் ஒட்டிக்கிட்டு இருக்கு. பேரு 'கிங் இசக்கி'. எட்டி அவன் மடியைப் பாத்தா. ஒரு முழுப்படம் முக்கால்வாசி எறங்கியிருந்துச்சு. அந்தப் போனை மட்டும் ஹாட்ஸ்பாட்ல இருந்து வெட்டி விட்டா.

வட்டம் நின்னுச்சு. பச்சை டிக் வந்துச்சு. பிளெஸ்ஸிக்கு அப்பதான் உயிரே வந்துச்சு.

இசக்கி போனை ரெண்டு தட்டு தட்டிப் பாத்தான். குரல் கீழ எறங்கிருச்சு. "பிளெஸ்ஸி, நெட்டு போயிட்டே. நான் இன்னும் அசைன்மென்ட் ஏத்தல. கொஞ்சம் போட்டு விடு, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

பிளெஸ்ஸி லேப்டாப்பை மூடிப் பையில வச்சா.

"ஒன் பைலுக்கு எதுக்கு நெட்டு? எறக்கி விடு, நடந்து போவட்டும். வாட்ச்மேன்தான் பழக்கமாச்சே."